காட்டாமல் ஓடும் கட்டளைகள்

கணினி நிரல்களைப் பற்றி இலக்கிய அன்பர்களிடையே எழுதப் புகுவோர் முதற்கண் ஒரு மன்னிப்புக் கோரிவிட்டு மேலே செல்வது வழக்கமாகிவிட்டது. நாம் அவ்வாறு கோரப்போவதில்லை. இங்கு எடுத்துக்கொண்ட பொருள் தமிழ்ப் பதிப்புலகுக்கு அந்நியமானதன்று என்பதே காரணம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டதற்குப் பின் அடுத்தடுத்துக் கொணர்ந்த பதிப்புகளைப் புரட்டியோர், அடிக்குறிப்புகளில் ‘பி-ம்.’ என்றொரு சிறு குறுக்கத்தைக் கண்டிருப்பர். பிரதிபேதம் என்பதன் சுருக்கம் அது. மேலே அச்சாகியிருக்கும் பாடம் ஐயர் தேர்ந்த முடிவு. கீழே இருப்பது அம்முடிவுக்கு அவர் வந்த வழியின் தடம். பெரும்பாலான வாசகர் அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடுவர். ஆயினும் பொருள் விளங்காத ஒரு சொல்லில் கால் இடறும்போது கண் தானே கீழே இறங்கும்.

மென்பொருளைக் கட்டி எழுப்பும் கருவிகளுக்கும் இத்தகைய அடிக்குறிப்பு ஒன்று உண்டு. அதைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்னும் வழக்கு அரை நூற்றாண்டாக நடந்து வருகிறது. நிரலர்களின் உள்வீட்டுப் பூசல் என்று அதை நெடுங்காலம் ஒதுக்கிவைத்தாயிற்று. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் நிகழ்ந்த ஒன்று அந்த அலட்சியத்துக்கு முற்றுப்புள்ளி இட்டது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் அடிப்படை. நிரலர் எழுதுவது மூலநிரல். மனிதர் படிக்கத்தக்க வரிகள். அவற்றை இயந்திரம் அறியும் வடிவுக்கு மாற்றுவது கம்பைலர் என வழங்கும் தொகுப்பி. சிறு நிரலாயின் ஒரே கோப்பு, ஒரே கட்டளை, வேலை முடிந்தது. பெருநிரலாயின் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கோப்புகள். எதை முதலில் தொகுப்பது, எதனோடு எதை இணைப்பது, நேற்றுத் திருத்தியது எது, திருத்தாமல் விட்டது எது என்ற கணக்கையெல்லாம் ஒருவர் நினைவில் வைத்திருத்தல் இயலாது. அந்த நிர்வாகத்தைச் செய்வதற்கென எழுதி வைக்கும் குறிப்பேடுதான் கட்டுமான ஸ்கிரிப்ட். கல்யாண வீட்டுச் சமையலில் கரண்டி பிடிப்பவர் தொகுப்பி என்றால், எந்த அண்டா எப்போது அடுப்பேற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நிற்பவர் இந்த ஸ்கிரிப்ட்.

இவ்வகைக் கருவிகளில் மூத்தது ‘மேக்’. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அது பிறந்த கதை சுவையானது. அவருடைய சகாவான ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் விதியைச் சபித்துக்கொண்டே ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தாராம். ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒரு நிரலில் பிழை தேடிக் கழித்திருந்தார். அந்த நிரலிலோ பிழை இல்லை. பிழையை அவர் முன்பே திருத்தியாகிவிட்டது. ஆனால் திருத்திய கோப்பு புதிதாகத் தொகுக்கப்படவில்லை. பழைய துண்டே மறுபடி மறுபடி இணைந்து, போய்விட்ட பிழையை உயிரோடு காட்டிக்கொண்டிருந்தது. ஃபெல்ட்மனும் முந்தைய மாலை இதே தொல்லையில் உழன்றவர். இருவரும் பேசியதிலிருந்து எண்ணம் முளைத்து, அந்த வார இறுதிக்குள் மேக் உருவாயிற்று. இதற்காக 2003ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது அவருக்கு வந்தது.

கதையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஜான்சனின் துயரம் அறியாமையால் வந்ததன்று. எழுதிய நிரலை அவர் நன்கறிவார். இயந்திரம் உண்மையில் எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதுதான் கண்ணில் படவில்லை. ஆகவே ஃபெல்ட்மன் வகுத்த ஒழுங்கில், மேக் எந்தக் கட்டளையை ஓட்டினாலும் ஓட்டுமுன் அதைத் திரையில் எழுதிக் காட்டும். காட்டுவது இயல்பு, காட்டாதிருக்கத்தான் தனியே சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்லவும் அவரே வழி வைத்தார். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே, அந்த ‘அட்’ குறி. ஒரு கட்டளையின் தலையில் அக்குறியை வைத்துவிட்டால் அக்கட்டளை ஓசையின்றி ஓடும்.

எதற்காக இந்தச் சலுகை? ‘வேலை முடிந்தது’ என்று திரையில் எழுதுவதற்கு ஒரு கட்டளை இருக்கிறதென்று கொள்வோம். மேக் தன் வழக்கப்படி முதலில் அக்கட்டளையை எழுதிக் காட்டும். பிறகு அதை ஓட்ட, ‘வேலை முடிந்தது’ என்பது மீண்டும் வரும். ஒரே செய்தி இரண்டு தரம். இந்தச் சிறு அசிங்கத்தைத் துடைக்கவே அக்குறி பெரிதும் பயன்பட்டது. அதோடு, மறைத்ததைத் திறக்கும் சாவியையும் ஃபெல்ட்மன் உடன் வைத்திருந்தார். ‘என்’ என்ற ஆங்கில எழுத்தை விருப்பக் குறியாகச் சேர்த்து மேக்கை அழைத்தால், அது எதையும் செய்யாது. செய்யவிருப்பதை மட்டும் வரிசையாகச் சொல்லும். அப்போது ‘அட்’ குறியிட்டு மறைத்த வரிகளும் தப்பாமல் வெளிவரும். மறைக்கும் உரிமை எழுதியவருக்கு, திறந்து பார்க்கும் உரிமை ஓட்டுபவருக்கு என்ற இந்தப் பங்கீடு எழுபதுகளிலேயே நிலைபெற்றுவிட்டது. அழகான பங்கீடு என்றே நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் நிரல்கள் பெருத்தன. யுனிக்ஸ் இயங்குதளம் பத்துப் பன்னிரண்டு வடிவங்களாகக் கிளைத்துப் போனதால், எந்த இயந்திரத்தில் எது உண்டு, எது இல்லை என்று சோதித்துவிட்டுக் கட்டத் தொடங்கும் முறை வந்தது. 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் அம்முறையின் மூலவர். அது ஈன்றெடுக்கும் சோதனை ஸ்கிரிப்ட் ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். அதை முழுக்கப் படித்தவர் எவரையும் நாம் சந்தித்ததில்லை. இவற்றின் பயனாய், ஒரு கோப்பைத் தொகுக்கும் ஒற்றைக் கட்டளையே திரையில் ஐந்தாறு வரிக்கு நீண்டது. அந்த அடைவில் தேடு, இந்த அடைவில் தேடு, இதை இப்படி வரையறுத்துக்கொள், இந்த எச்சரிக்கையை இயக்கு, இந்தப் பாதுகாப்பைச் சேர் என்று ஒரே மூச்சில் நூறு சொல். இப்படி ஆயிரம் கோப்புகளுக்கு ஆயிரம் முறை திரை அருவிபோல் இறங்கும்போது எவர் எதைப் படிப்பார்?

லினக்ஸ் கருவை வளர்த்தவர்கள் கண்ட இடர் இதுதான். தொகுப்பி நடுநடுவே மெய்யான எச்சரிக்கைகளை எழுதுகிறது. ‘இந்த மாறிக்கு மதிப்பே தரவில்லை’ என்பது போன்றவை. கட்டளைகளின் பெருக்கில் அவை முங்கிப் போயின. எல்லாவற்றையும் காட்டுவதே ஒரு வகை மறைப்பாயிற்று. அதனால் கருவின் கட்டுமான அமைப்பைத் திருத்தி எழுதினார்கள். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில், கோப்பு ஒன்றுக்கு வரி ஒன்று: ‘சிசி’ என்ற ஈரெழுத்து, அருகே கோப்பின் பெயர். அவ்வளவே. நீண்ட கட்டளை திரைமறைவுக்குப் போயிற்று. எச்சரிக்கைகள் மேலெழுந்து கண்ணில் பட்டன.

இதை அவர்கள் செய்த உத்தி எளிமையானது. ‘அட்’ குறியை நேரே கட்டளையின் தலையில் எழுதாமல் ‘க்யூ’ என்னும் மாறிக்குள் வைத்தார்கள். அமைதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. கட்டளைகளின் தலையில் இப்போது அந்த மாறி நிற்கும். வழக்கமான ஓட்டத்தில் மாறிக்குள் குறி இருக்கும், கட்டளை மறையும். ஓட்டுபவர் ‘வி’ என்ற எழுத்துக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து மேக்கை அழைத்தால் அந்த மாறி வெறுமையாகிவிடும். மறைந்திருந்த கட்டளைகள் அத்தனையும் முழு நீளத்தில் வெளிவரும். 2 என்று கொடுத்தால், இந்தக் கோப்பை ஏன் மறுபடி தொகுக்க நேர்ந்தது என்ற காரணத்தைச் சொல்லும். ஜான்சனுக்கு அந்தக் காலையில் தேவைப்பட்டது இதுவே.

இலக்கணம் படித்த நமக்கு இவ்விடத்தில் தொகைநிலையும் விரிநிலையும் நினைவுக்கு வருவது தவிர்க்க இயலாதது. உருபு தொக்கு நிற்கலாம். ஆனால் கேட்டால் விரித்துச் சொல்ல வர வேண்டும். விரிக்க வராத தொகை தொகையாகாது, வெறும் மௌனம்.

கரு காட்டிய வழியில் மற்றவையும் நடந்தன. 2009இல் வந்த ஆட்டோமேக் 1.11 இதே அமைதி ஓட்டத்தையும் அதே ‘வி’ சாவியையும் ஏற்றுக்கொண்டது; ஆயின் அமைதியை இயல்பாக்காமல், நிரலை வெளியிடுவோரின் விருப்பத்துக்கு விட்டது. சிமேக் என்ற கருவிக்குச் சாவி வேறு. ‘வெர்போஸ்’ என்ற முழுச் சொல்லுக்கு 1 தர வேண்டும். கூகுளின் குரோம் உலாவியைக் கட்டுவதற்காக எழுந்த நிஞ்சாவோ ஒரே வரியை அழித்தழித்து எழுதிக்கொண்டே போகும். அதற்குச் சாவி சிறிய ‘வி’. கோயிலுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி என்ற நிலை. இந்தச் சாவிகளை ஒன்றாக்க எவரும் முன்வராதது நமக்கு வியப்புத்தான். எதற்கும் அடங்காத மேக்ஃபைலுக்கு ஒரு முரட்டு வைத்தியமும் உண்டு. கட்டளைகளை இறுதியில் ஓட்டுவது ஷெல். அந்த ஷெல்லையே ‘எக்ஸ்’ என்னும் விருப்பக் குறியோடு ஓட்டச் சொல்லிவிட்டால், மேக் வாயை மூடிக்கொண்டாலும் ஷெல் உளறிவிடும். 2013இல் வந்த குனு மேக் 4.0 இதற்கெனவே தடங்காட்டும் விருப்பம் ஒன்றைச் சேர்த்தது. எந்தக் கோப்பின் எந்த வரி இக்கட்டளையை எழுப்பியது என்பதையும் அது கூறும்.

இதெல்லாம் எவருக்குப் பயன்? நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற சுரக்குடி மாணவர் ஒருவரின் அனுபவத்தை இங்குச் சொல்லலாம். பழைய அச்சு நூல்களின் பக்கப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் ஒன்றை மூலநிரலிலிருந்து தம் கணினியில் கட்ட முயன்றார். பாதி வழியில் நின்றது. இன்ன பெயருள்ள செயற்கூறு அறிவிக்கப்படவில்லை என்றது தொகுப்பி. அவரோ அந்தச் செயற்கூறு அறிவிக்கப்பட்டிருக்கும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “ஐயா, இல்லாததை இல்லைன்னு சொன்னா ஒத்துக்கலாம். கண்ணு முன்னாடி இருக்கறதை இல்லைங்குதே?” என்று கேட்டார்.

‘வி’க்கு 1 இட்டு மறுபடி ஓட்டச் சொன்னோம். அதுவரை ஒரு வரியாய் இருந்த இடத்தில் ஏழு வரி வந்தது. அந்த ஏழு வரியின் நடுவில், தேடவேண்டிய அடைவுகளின் வரிசையில், என்றோ நிறுவி மறந்த பழைய பதிப்பின் அடைவு முதலில் நின்றது. தொகுப்பி பொய் சொல்லவில்லை. அது பார்த்த கோப்பு வேறு, அவர் பார்த்த கோப்பு வேறு. இரண்டு ஏட்டை வைத்துக்கொண்டு ஒரே பாட்டைப் பற்றி வாதிட்ட கதை. பழைய பதிப்பை நீக்கியதும் வேலை முடிந்தது. இரண்டு நாள் ஓடாத ஒன்று பத்து நிமிடத்தில் ஓடிற்று.

சுரக்குடி இருக்கும் காரைக்கால் பகுதி காவிரியின் கடைமடை. நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராயனாறு, புரவடையனாறு என ஏழு ஆறுகள் தமிழகத்து நிலத்தைக் கடந்தே இப்பகுதிக்குள் வருகின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டிஎம்சி; உச்ச நீதிமன்றம் 2018இல் வழங்கிய தீர்ப்பிலும் அந்த அளவில் மாற்றமில்லை. ஏட்டில் பங்கு தெளிவாக உள்ளது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வராதபோது கடைமடை உழவர் கேட்பது டிஎம்சிக் கணக்கை அன்று. எந்த மதகில் அடைத்தார்கள், எப்போது அடைத்தார்கள், எந்த லஸ்கர் எவர் சொல்லி ஷட்டரை இறக்கினார் என்பதையே கேட்கிறார். ‘முறை வந்தால் தண்ணீர் வரும்’ என்ற ஒரு வரி விடை அவருக்குப் போதாது. அந்த மாணவரின் வீட்டார் அப்படிக் கேட்டுப் பழகியவர்கள். கணினியிடம் அவர் கேட்ட கேள்வியும் அதே குரலில் இருந்தது.

மென்பொருளில் கடைமடை என்பது நாம்தான். மூலநிரலைத் தாமே கட்டிக்கொள்வோர் சிலர். ஏனையோர் எவரோ கட்டித் தந்த பொதியை நிறுவிக்கொள்பவர். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலை எடுத்துக்கொள்வோம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளத்துக்கு அடித்தளம் டெபியனே. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்கத்தில் வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. ஆக, டெபியனின் கட்டுமான இயந்திரங்களில் எங்கோ நடப்பது, கிராமத்துப் பள்ளி மாணவியின் மடிக்கணினி வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த இயந்திரங்கள் பொதிகளைக் கட்டும்போது எழுதும் பதிவேடுகள் எவரும் படிக்கத்தக்கவாறு பொதுவில் இருக்கின்றன. 2013இல் வெளியான டெபியன் பதிப்பை ஒட்டி, அத்துமீறல்களைத் தடுக்கும் பாதுகாப்புக் குறிகளை இயன்றவரை மிகுதியான பொதிகளில் சேர்க்கும் பணி நடந்தது. ஒரு பொதியில் அக்குறிகள் உண்மையாகவே தொகுப்பிக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதை எப்படி அறிவது? பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பதிவேட்டிலோ ‘சிசி’யும் கோப்பின் பெயரும் மட்டுமே உள்ளன! கருவை வளர்த்தவர்களுக்கு வரமாய் இருந்த அமைதி இங்கே குறுக்கே நின்றது. பதிவேடுகளைச் சோதிக்கவென்றே எழுதப்பட்ட ஒரு சிறு கருவி, கட்டளையை மறைத்த வரிகளைக் கண்டால் இது விரித்துக் காட்டாத கட்டுமானம் என்று குற்றஞ்சாட்டும். பிறகு 2018இல் டெபியனின் கொள்கை ஆவணத்திலேயே எழுதிவிட்டார்கள்: பொதியைக் கட்டும்போது இயன்றவரை விரித்துக் காட்டுக, சுருக்கம் வேண்டுவோர் அதைத் தனியே கேட்டுப் பெறுக. ஃபெல்ட்மனின் பழைய பங்கீடு வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

முரண் போலத் தோன்றினாலும் இரண்டு முடிவும் சரியே என்பது நம் கருத்து. தன் கைப்பட எழுதிய நிரலைத் தன் மேசையில் நாளுக்கு ஐம்பது முறை கட்டுபவருக்கு அமைதி வேண்டும்; அவர் தேடுவது எச்சரிக்கையை. ஊருக்கெல்லாம் கட்டித் தருபவருக்கு அமைதி கூடாது. அங்கே தேடப்படுவது சான்று. எழுதுபவர் மேசையும் பதிப்பாசிரியர் மேசையும் ஒன்றல்ல.

இனி 2024க்கு வருவோம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் உள்ளது. அதன் பராமரிப்பு நெடுங்காலம் லாசே காலின் என்ற தனியொருவரின் தோளில் இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் உதவிக்கு வந்து, படிப்படியாய் நம்பிக்கை பெற்று, வெளியீடுகளைச் செய்யும் பொறுப்பையும் பெற்றார். அப்பெயருக்குப் பின்னிருந்தவர் யார் என்பது வெளிப்படவில்லை. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 5.6.0, 5.6.1 என்று இரு பதிப்புகள் வெளிவந்தன. இரண்டுக்குள்ளும் ஒரு பின்கதவு இருந்தது. எஸ்எஸ்எச் என்னும் தொலைநுழைவு வாயிலின் காவலை, அதைச் செய்தவருக்கு மட்டும் திறந்துவிடக்கூடிய கதவு.

அக்கதவு எங்கே ஒளிந்திருந்தது என்பதே நம் கட்டுரைக்கு உரிய செய்தி. நிரலின் வரிகளில் இல்லை. அங்கே வைத்திருந்தால் படிப்பவர் எவரேனும் கண்டிருப்பர். கட்டுமான ஸ்கிரிப்டில் இருந்தது. சோதனைக்கென்று வைத்த இரு கோப்புகள். அவற்றில் ஒன்று வேண்டுமென்றே கெடுத்து வைத்த சுருக்கக் கோப்பு என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டது. கெட்ட கோப்பைத் திறந்து பார்ப்பவர் யார்? கட்டுமானம் தொடங்கும்போது, முன்னே சொன்ன ஆட்டோகான்ஃப் வகைச் சோதனை ஸ்கிரிப்டுக்குள் செருகியிருந்த சில வரிகள் அக்கோப்புகளை எடுத்து, எழுத்துகளை இடம் மாற்றி, விரித்து, உள்ளிருந்த கட்டளைகளை ஓட்டின. அவ்வரிகளும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீடாகத் தந்த தொகுப்பில் மட்டுமே இருந்தன. குறிப்பிட்ட வகை இயந்திரத்தில், டெபியன் அல்லது ரெட்ஹாட் வகைப் பொதியாகக் கட்டும்போது மட்டுமே அவை விழித்தன. வேறெவர் கட்டினாலும் உறங்கின.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலர்களில் ஒருவர். அவர் தேடியது இதையன்று. எஸ்எஸ்எச் நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டு, அந்த அரை நொடி எங்கே போகிறது என்று நோண்டிக்கொண்டே சென்று, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பின்கதவு டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள்ளும் ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளுக்குள்ளும் புகுந்திருந்தது. உறுதிநிலைப் பதிப்புகளுக்குள் புகுமுன் பிடிபட்டது. சில மாதங்கள் கழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே கூசுகிறது.

‘வி’க்கு 1 இட்டுக் கட்டியிருந்தால் இது தெரிந்திருக்குமா? நேர்மையான விடை, அது மட்டும் போதாது என்பதுதான். அச்சாவி மேக்கின் கட்டளைகளைத் திறக்கும். சூது தொடங்கியதோ மேக் எழுவதற்கு முந்தைய படியில். அங்கு ஓடுவதைக் காண வேண்டுமானால் ஷெல்லை உளறவைக்கும் அந்த முரட்டு வைத்தியம்தான் வேண்டும். அது கக்கும் பல்லாயிரம் வரிகளை யார் படிப்பது? ஒருவரும் படிப்பதில்லை என்பதை ஒளித்தவர் நன்கறிந்திருந்தார். அவர் நம்பியது பூட்டை அன்று, நம் சோம்பலை.

இந்த அச்சம் புதிதும் அன்று. யுனிக்ஸை உருவாக்கியோருள் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருதேற்பு உரையாக எழுதி 1984இல் அச்சான சிறு கட்டுரையில் இன்னும் கொடிய சாத்தியத்தைக் காட்டியிருந்தார். தொகுப்பியையே கெடுத்துவிடலாம். கடவுச்சொல் கேட்கும் நிரலைத் தொகுக்கும்போது அது தானாகவே ஒரு கள்ளக் கதவைச் சேர்க்கும். தொகுப்பியின் புதிய பதிப்பைத் தொகுக்கும்போது இந்தக் கள்ளத்தனத்தையே அதற்குள் கடத்திவிடும். அதன்பின் மூலநிரலில் குற்றத்தின் சுவடே இராது. கட்டளைகள் எல்லாவற்றையும் திரையில் காட்டினாலும் அவை யாவும் ஒழுங்கானவையாகவே தோன்றும். ஏனெனில் கட்டளை ஒழுங்கானதே, அதை நிறைவேற்றும் கை கெட்டது. காட்டுதல் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று இதைவிடத் தெளிவாய்ச் சொன்னார் இலர்.

எல்லையைத் தாண்ட நிரலர்கள் கண்ட வழி, சொன்னால் நம்மவர் புன்னகைப்பர், பிரதிகளை ஒப்புநோக்குவது. ஒரே மூலநிரலை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு இயந்திரங்களில், வெவ்வேறு நாள்களில் கட்டிப் பார்க்கிறார்கள். விளைந்தவை பிட்டுக்குப் பிட்டு ஒன்றாக இருக்க வேண்டும். எங்கேனும் ஓரிடத்தில் கை கெட்டிருந்தால் அது வேறுபாடாய் வெளிப்பட வேண்டும். டெபியனில் 2013 முதல் இம்முயற்சி நடந்து வருகிறது. சொல்லும்போது எளிது, செய்யும்போதுதான் தெரிந்தது, கட்டிய நேரத்தையும் கணினியின் பெயரையும் அடைவின் பெயரையும் ஏட்டின் கடைசியில் ஒப்பமிடும் எழுத்தர்போல எத்தனை கருவிகள் விளைபொருளுக்குள் எழுதி வைக்கின்றன என்பது. ஒவ்வொன்றாக அவற்றைக் களைந்து வருகிறார்கள்.

ஆனால் ஒப்புநோக்கும் முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. எக்ஸ்இசட்டின் அந்த வெளியீட்டுத் தொகுப்பை ஒரேவிதமான நூறு இயந்திரங்களில் கட்டியிருந்தால் நூறும் ஒன்றுபோலவே வந்திருக்கும், பின்கதவோடு. மூல ஏடே திருத்தப்பட்டிருந்தால் படிகள் யாவும் ஒத்துத்தானே இருக்கும். அதனால்தான் வெளியீட்டுத் தொகுப்பை விடுத்துப் பொதுக் களஞ்சியத்திலிருந்தே பொதிகளைக் கட்ட வேண்டும் என்ற வாதம் அந்நிகழ்ச்சிக்குப் பின் வலுத்தது.

ஒப்புநோக்கும் பணிக்கென ‘டிஃப்போஸ்கோப்’ என்று ஒரு கருவி எழுதினார்கள். இரு பொதிகளை அதனிடம் கொடுத்தால் உறை உறையாகப் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்புகளை எதிரெதிரே வைத்து, வேறுபட்ட வரிகளை இரு பத்தியாகக் காட்டும். அறிக்கை சிலவேளை நூறு பக்கத்தைத் தாண்டும். அதை உட்கார்ந்து படித்து, இது தேதி வேறுபாடு, இது வரிசை வேறுபாடு, இது மட்டும் விளங்கவில்லை என்று பிரித்து வைப்போர் உலகெங்கும் சிலரே. அவர்களுட் பலர் ஊதியமின்றிச் செய்கிறார்கள்.